எஸ்லினுக்கு வாங்கிய லேப்டாப்

எட்சன் வீட்டார் வரதட்சணை வேண்டாம் என்று சொன்ன செய்தி ஓசூர் கத்தோலிக்கப் பங்கு முழுக்க ஒரே வாரத்தில் பரவிவிட்டது. பரப்பியவர்களும் அவர்களேதான். மாப்பிள்ளையின் அம்மா ஜோதியம்மாள், பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வருகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, ஒத்தைப் பைசா கேட்கவில்லை, பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டோம் என்றாள். கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், கட்டில் பீரோ எதுவும் வேண்டாம். படித்த பிள்ளை, பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, அப்படித்தான் இருப்பான் என்று ஊர் மெச்சியது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் பாராட்டியபோது எல்லோரும் திரும்பி எட்சனைத்தான் பார்த்தார்கள். அவன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவைப் பார்த்து மணப்பெண் எஸ்லினுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பின்னாளில் அதை நினைத்தால் அவளுக்கு வேறெவர் மீதும் வராத அருவருப்பு தன் மீதே வந்தது.

எஸ்லின் சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவு பார்க்கும் அறையில் வேலை செய்கிறாள். லைனிலிருந்து வரும் பாகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கையுறை போட்ட கையால் எடுத்து, பெரிய மிஷினில் வைத்து அளவெடுக்க வேண்டும். ஒரு விரல் ரேகை எண்ணெய் பட்டிருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது, திரும்பத் துடைப்பாள். அந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதுகிற இடம் அடுத்த வருடம் காலியாகிறது. அதற்கான ஆன்லைன் பயிற்சியை முடிப்பவர்களுக்குத்தான் அந்த இடம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். எஸ்லின் அந்தப் பயிற்சியில் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைபேசியின் கையகலத் திரையில் வரைபடங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் சிவந்துகொண்டிருந்தாள்.

அதனால்தான், பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து வெற்றிலை மாற்றப் போகும் நேரத்தில் ஜோதியம்மாள் ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தபோது எஸ்லினுக்கு அது தப்பாகவே படவில்லை. ஒரே ஒரு லேப்டாப் மட்டும். அதுகூட எங்களுக்கா, பெண்ணுக்குத்தானே, வேலைக்குப் போகிற பெண், அவள் டெய்லி யூஸுக்கு ஒன்று வேண்டாமா என்றாள் ஜோதியம்மாள். எஸ்லினின் அப்பா ஜான்பீட்டர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். மூத்தவளைக் கட்டிக்கொடுத்த கடனையே இப்போதுதான் முடித்திருந்தார். லேப்டாப்போடு போகிறது என்றதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் இல்லை, தங்கம் என்று அன்று வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

எஸ்லின் தன் வழக்கப்படி விசாரிக்க ஆரம்பித்தாள். கூட வேலை செய்யும் சந்தோஷ் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெரிந்தவன். சிப்பில் ஐ3, ஐ5, ஐ7 என்பதைப் பார்த்து மட்டும் வாங்காதே, அது எந்தத் தலைமுறை, பின்னால் என்ன எழுத்து என்று பார் என்று சொன்னான். யூ என்று முடிந்தால் கரண்டைக் கம்மியாகக் குடிக்கும், சூடாகாது, பேட்டரி நிற்கும், தூக்கிக்கொண்டு போகலாம். ஹெச் என்று முடிந்தால் வேகம், ஆனால் கனம், அனல், சார்ஜர் இல்லாமல் நகர முடியாது. விளையாடுகிறவர்களுக்கும் வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் அது. எஸ்லினுக்கு வேண்டியது எக்செல், வரைபடம், வகுப்பு, துபாயில் இருக்கும் அக்கா லிபியாவோடு ஞாயிற்றுக்கிழமை பேச்சு. புதுத் தலைமுறை ஐ5, யூ வகை, மெமரி மட்டும் கொஞ்சம் தாராளமாக என்று மூன்று நாளில் முடிவுக்கு வந்துவிட்டாள். மடியில் வைத்தால் தொடை சுடாத ஒன்று, கம்பெனி பஸ்ஸில் திறந்து வைத்துக்கொள்ள ஒன்று. அதைப் பற்றி யோசிக்கும்போதே அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கப் போகும் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது.

எட்சனிடம் சொன்னாள். அவன் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, அதன் பின்னாலேயே வீடியோக்களாக அனுப்பித் தள்ளினான். எல்லாவற்றிலும் எவனோ ஒருவன் கத்திக்கொண்டே ஒரு கறுப்பு லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எல்லாம் ஐ7, எல்லாம் ஹெச். வாங்குவது வாங்குகிறோம், நாளைக்கும் உதவுகிற மாதிரி வாங்க வேண்டாமா, உனக்காகத்தான் சொல்கிறேன் என்று எழுதினான். உனக்காக என்ற சொல்லை அவன் அந்த வாரத்தில் எத்தனை முறை எழுதினானோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். எஸ்லின் அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள். பாசத்துக்கு ஏங்குகிற வயசு, என்ன செய்வது.

கடை பாகலூர் ரோட்டில் இருந்தது. கன்னடத்தில் பேரம் பேசி, தெலுங்கில் சலித்துக்கொண்டு, தமிழில் முடிக்கிற ஓசூர்க் கடை. ஜான்பீட்டர், எஸ்லின், எட்சன், ஜோதியம்மாள் என்று நால்வரும் போனார்கள். விற்பனைப் பெண் வினிதா நல்ல பெண். அவள் கேட்ட முதல் கேள்வி, யாருக்கு, என்ன உபயோகத்துக்கு என்பதுதான். எஸ்லின் வாயைத் திறப்பதற்குள் எட்சன் பதில் சொல்லிவிட்டான்.

"இவங்களுக்குத்தான். சும்மா டெய்லி யூஸ். கோயில் பாட்டு கேப்பாங்க, சமையல் வீடியோ பாப்பாங்க, அவ்வளோதான்."

எஸ்லின் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிச்சயம் ஆகி இத்தனை நாள் தினமும் பேசியிருக்கிறான். அளவறை, பயிற்சி, காலியாகும் இடம் எல்லாவற்றையும் அவள் சொல்லியிருக்கிறாள். ம் ம் என்று கேட்டவன்தான். அந்த ம் எல்லாம் எந்தக் காது வழியாகப் போய் எங்கே விழுந்தது என்று அவளுக்கு அந்த நிமிடத்தில் விளங்கவில்லை.

சமையல் வீடியோவுக்கு என்றால் இது போதும் என்று வினிதா வெள்ளந்தியாக ஒரு ஒல்லி லேப்டாப்பை எடுத்து வைத்தாள். எஸ்லின் மனதில் வைத்திருந்த அதே வகை. அவள் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள், எனக்கு இந்தச் சின்னதே போதும் என்று சொன்னாள். எட்சனுக்கு முகம் சுருங்கியது. ஜோதியம்மாள் குறுக்கே வந்தாள். நாலு பேர் பார்க்கிற பொருள், ஏழு என்று போட்டிருந்தால்தானே கௌரவம், ஐந்தை வாங்கி வைத்தால் பெண் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள், உங்கள் மரியாதைக்குத்தான் சொல்கிறேன் அண்ணா என்றாள். சிப்புக்கும் சாதி உண்டு போலிருக்கிறது. ஜான்பீட்டர், தள்ளி வைத்திருந்த ஏலச்சீட்டை எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். கறுப்பாக, கனமாக, சார்ஜரே செங்கல் மாதிரி இருந்த ஒன்று பில்லானது. சாஃப்ட்வேர் எல்லாம் நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லி எட்சன் பெட்டியோடு அதைத் தன் வண்டியில் கட்டிக்கொண்டான்.

பெட்டி போனது போனதுதான். கேட்டபோதெல்லாம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றான். இதற்குள் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். ஜான்பீட்டர் மகள் எஸ்லினுக்கும் எட்சனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று, பந்திச் சாப்பாட்டைப் பற்றிப் பேச எஸ்லினின் குடும்பத்தைத் தங்கள் வீட்டுக்கு மதிய உணவுக்கு அழைத்தார்கள்.

பெரியவர்கள் கூடத்தில் பிரியாணியா குஸ்காவா என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, வா, ஒன்று தருகிறேன் என்று எட்சன் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போனான். மேசை மேல் புது லேப்டாப் திறந்திருந்தது. பொத்தான்களுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடியது. உள்ளே விசிறி மாவு மிஷின் மாதிரி இரைந்தது. திரையில் துப்பாக்கி பிடித்த ஒருவன் பாதி ஓட்டத்தில் நின்றிருந்தான். மூலையில், கறுப்புக் கண்ணாடி போட்ட எட்சனின் படம், அதற்குக் கீழே எட்சனின் பெயர். எஸ்லின் என்ற எழுத்து அதில் எங்கேயும் இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் பீரோ மேலிருந்து பழைய லேப்டாப் ஒன்றை இறக்கி அவள் கையில் வைத்தான்.

சொல்லவே வாய் கூசுகிறது. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அவன் உபயோகித்தது அது. பொத்தான்களில் எழுத்து தேய்ந்து, எண்ணெய் ஏறிப் பளபளத்தது. விரல் தேய்க்கிற இடத்தைச் சுற்றி வியர்வை காய்ந்து பழுப்பு வட்டம் கட்டியிருந்தது. கீல் உடைந்து டேப் ஒட்டியிருந்தான். பொத்தான்களுக்கு நடுவே பிஸ்கட் தூள், தலைமுடி, அப்புறம் நகம். கடித்துத் துப்பிய நகத் துண்டுகள், பிறை பிறையாக. மூடியைத் திறந்ததும் பழைய மீன் வறுவல் வாடை ஒன்று எழுந்து வந்தது. எஸ்லின் அதை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தாள்.

"ஐ3 தான். ஆனா ஒனக்கு அதுவே ஜாஸ்தி. நீயேதானே கடையில சின்னது போதும்னு சொன்ன" என்றான். குரலில் அத்தனை குழைவு. நெக்லஸ் போட்டுவிடுகிறவன் மாதிரி நின்றான்.

அப்படியானால் என் லேப்டாப் என்று அவள் மேசையைக் காட்டினாள்.

"நம்ம லேப்டாப்டீ அது. வீட்லதான இருக்கப் போகுது" என்றான். இது வரை அவன் அவளை டீ போட்டுப் பேசியதில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஷிஃப்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம் என்று அம்மா சொல்கிறது, அப்புறம் உனக்குப் புதுசு எதற்கு என்றும் சேர்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு, நின்றிருந்த துப்பாக்கிக்காரனை ஓடவிட்டான்.

திரும்பி வரும்போது வேனில் எஸ்லின் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மேரிராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜான்பீட்டர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு மிஷினுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவார்களா, துடைத்து வைத்துக்கொள்ளம்மா, போகப் போக எல்லாம் சரியாகும் என்றார். அவளுக்கு அவர் மேலும் கசந்தது. பெற்ற அப்பா மேல் கசப்பு வருவது எவ்வளவு கேவலம் என்று நினைத்தாள், ஆனாலும் கசந்தது.

இருந்தாலும் அப்பா சொன்னதைச் செய்து பார்த்தாள். அளவறை ஸ்பிரிட்டைக் கொஞ்சம் வாங்கி வந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். துணி கறுத்தது. வேறு துணி எடுத்தாள், அதுவும் கறுத்தது. ஒரு பொத்தானை நெம்பி எடுத்துப் பார்த்தாள், அடியில் இன்னும் இருந்தது. வகுப்பு நேரத்துக்கு அதைத் திறந்தால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, ஆசிரியரின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து, கடைசியில் திரை கறுத்துப்போனது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சாப்பிட உட்காரும்போது கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுந்து கழுவினாள். இந்தக் கையை அவன் பிடிக்கப்போகிறான் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. அழுக்கு எல்லா வீட்டிலும் உண்டு, அழுக்கை யாரும் அறுவடை செய்து பரிசாக நீட்டுவதில்லை. அவன் மனதில் அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க அவளால் முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பங்குச் சாமியாரின் அலுவலகத்துக்குப் போனாள். நாளைக்கு மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்றாள். சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். ஓலைக்குத் தடை சொல்ல வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். பழைய காதலி வருவாள், பங்காளி வருவான். மணப்பெண்ணே வந்து அவர் பார்த்ததில்லை. தடை என்ன என்று கேட்டார். எனக்குச் சம்மதம் இல்லை என்றாள்.

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தன் பிரசங்கத்தின் மேல் அவருக்கும் ஆசை உண்டு. நாளைக்குப் பூசை முடிந்ததும் எட்சனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த இளைஞர் மன்றத்தில் ஏற்பாடாகியிருந்தது. வரதட்சணை வாங்காத பிள்ளையைத் தேடித்தான் பார், கிடைப்பானா என்றார். எஸ்லின் நடந்ததைச் சொன்னாள். லேப்டாப்தானே என்று அவரும் சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பையிலிருந்து அதை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சாமியார் பொத்தானை அழுத்தினார். விரல் ஒட்டியது. எடுத்துப் பார்த்தார். அவரை அறியாமலே நாற்காலி கொஞ்சம் பின்னால் போனது. கைக்குட்டையை எடுத்து அந்த விரலை அழுத்தித் துடைத்தார், துடைத்த கைக்குட்டையை அங்கிப் பைக்குள் திரும்பப் போடாமல் மேசை ஓரத்தில் வைத்தார்.

"நீங்க ஒரு தடவதான் தொட்டீங்க ஃபாதர், ஒடனே தொடச்சிட்டீங்க" என்றாள் எஸ்லின். "என்னய தெனம் தொடச் சொல்றீங்க."

சாமியார், அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். மறுநாள் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை மட்டும் வாசித்தார்கள். பொன்னாடை, உறை பிரிக்காமல் பீடத்துக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது. கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இந்த முறை எஸ்லினை. அவள் தலையைக் குனியவில்லை.

ஜான்பீட்டருக்கு அது பெரிய இடி. இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே எழுந்து, சரி, ஆனது ஆகிவிட்டது, அவர்கள் பொருளைக் கொடுத்து நம் பொருளை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், படித்த மனிதர்கள், தகராறு பண்ண மாட்டார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். எஸ்லினும் கூடப் போனாள்.

ஜோதியம்மாள் வாசல் கேட்டைத் திறக்கவில்லை. எட்சன் மாடியில் இருந்தான். அந்த விசிறியின் இரைச்சல் ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்டது. அவன் இறங்கி வரவில்லை. ஜான்பீட்டர் கும்பிட்டு, பெண்ணின் மனசு ஒத்துவரவில்லை, மன்னிக்க வேண்டும், அந்த லேப்டாப்பை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று தணிந்துதான் கேட்டார்.

"எந்த லேப்டாப்?" என்றாள் ஜோதியம்மாள். பக்கத்து வீட்டார் வெளியே வருகிற அளவுக்குக் குரல் உயர்ந்தது. "நாங்க ஒங்க கிட்ட என்ன வாங்கினோம், திருப்பிக் குடுக்க? ஒத்தப் பைசா வாங்காதவங்கன்னு சாமியாரே பிரசங்கத்துல சொன்னாரு. ஊருக்கே தெரியும். வாங்கலங்கிறது மட்டுமில்ல, எம் புள்ள தன்னோடத எடுத்து ஒங்க பொண்ணுக்குக் குடுத்திருக்கான். அது ஒங்க கையிலதான இருக்குது?"

ஜான்பீட்டர் தன் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். தெருவில் நின்றவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். கடை பில்லே எட்சன் பெயரில் போட்டிருந்தது, வாரண்டிக்கு அதுதான் வசதி என்று அன்றைக்கு அவன் சொல்லியிருந்தான். ஜான்பீட்டர் பிறகு பையைக் கேட்டுக்கு வெளியே, மதில் ஓரத்தில், குப்பைக்கு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்லின் உள்ளே போகக் காலை எடுத்தாள். ஜான்பீட்டர் அவள் தோளைப் பிடித்து வாசலிலேயே நிறுத்தினார். ஒரு வாளி தண்ணீர் கொண்டு வரச் சொல்லி மேரிராணியைக் கூப்பிட்டார். அவள் கொண்டு வந்து, என்ன ஆச்சு என்று கேட்பதற்குள், சட்டையோடு அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். நரைத்த முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கண்ணில் வழிந்ததில் எது வாளித் தண்ணீர் என்று தெரியவில்லை.

"எழவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தா அப்படியேவா உள்ள போவாங்க?" என்றார். "நீயும் ஊத்திக்கம்மா."

மேரிராணி குழாயடியில் இரண்டாம் முறை வாளியை நிரப்பினாள். எஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.